பழைய கம்மின்ஸ் பிக்கப்பில் சக்தியைக் கூட்டுவது: எதை முதலில் மாற்றுவது?

1994 முதல் 1998 வரை கம்மின்ஸ் எஞ்சினோடு வந்த டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்பைப் பற்றித் தேடினால் இரண்டு விஷயங்கள் உடனே கண்ணில் படும். ஒன்று, சாலையை மறைக்கும் அளவுக்குக் கரும்புகை கக்கும் வண்டிகளின் வீடியோ. இன்னொன்று, எஞ்சினுக்கு டீசலைத் தள்ளும் பம்புக்குள் இருக்கும் சின்னத் தகடு ஒன்றை மாற்றினாலே எஞ்சின் வேறு ஆளாகிவிடும் என்ற பேச்சு. இரண்டும் பொய்யில்லை. ஆனால் அந்தத் தகட்டை முதலில் வாங்கியவர்களில் பலருக்கு, அடுத்து கியர் பாக்ஸ் வாங்க வேண்டியதாகிறது. ஏன் அப்படி என்பதையும், எந்த வரிசையில் செலவு செய்தால் வண்டி பிழைக்கும் என்பதையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இந்த எஞ்சின் நமக்கு அந்நியமும் இல்லை. கம்மின்ஸ் நிறுவனமும் ஜே.ஐ. கேஸ் என்ற டிராக்டர் நிறுவனமும் சேர்ந்து 1980களில் கொண்டுவந்த பி வரிசை எஞ்சின் இது. டிராக்டர், ஜெனரேட்டர், படகு, லாரி என்று எல்லாவற்றிலும் ஓடியது. 1993இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இதே 5.9 லிட்டர் குடும்பத்தைத்தான் டாடா லாரிகளுக்காகச் செய்தது. நெடுஞ்சாலையில் டாடா லாரியின் பின்னால் போயிருந்தால் இதன் சத்தம் பழக்கமாகத்தான் இருக்கும்.

## எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸ் வந்தது 1989 மாடலில். அதில் போஷ் விஇ என்ற ரோட்டரி பம்ப். 1994இல் ராம் புதிய வடிவத்துக்கு மாறியபோது பம்பும் மாறியது. போஷ் பி7100 என்ற இன்லைன் பம்ப் வந்தது. 1998 மாடலின் நடுவில் சிலிண்டருக்கு 4 வால்வு வீதம் மொத்தம் 24 வால்வு உள்ள எஞ்சினும், எலக்ட்ரானிக் கட்டுப்பாடுள்ள விபி44 பம்பும் வந்தன.

இந்தக் கட்டுரை நடுவில் உள்ள வண்டியைப் பற்றியது: 12 வால்வு, பி7100 பம்ப், 1994 முதல் 1998 வரை. விஇ பம்புக்கோ விபி44க்கோ கீழே சொல்லும் பம்ப் வேலைகள் பொருந்தாது. வெப்பம், காற்று, கியர் பாக்ஸ் பற்றிய பகுதிகள் டர்போ (வெளியேறும் வாயுவால் சுழன்று காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள எல்லா டீசலுக்கும் பொருந்தும்.

எஞ்சினின் உடல் இப்படி: வரிசையாக 6 சிலிண்டர், 102 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றுவது பெல்ட்டோ செயினோ இல்லை, பல்சக்கரம். எஞ்சின் ஓடுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். டீசலை நிறுத்தும் சோலனாய்டுக்கு (மின்சாரத்தால் இயங்கும் அடைப்பான்) மின்சாரம் கிடைத்தால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும்.

## குதிரைத்திறனும் முறுக்கு விசையும்

எஞ்சின் ஷாஃப்ட்டைத் திருகும் பலம் முறுக்கு விசை. அந்தப் பலத்தோடு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதையும் சேர்த்தால் குதிரைத்திறன். கணக்கு எளிது: நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்கு விசையை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) பெருக்கி, 7121ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும்.

1996க்குப் பிறகு வந்த மேனுவல் கியர் ராமுக்கு நிறுவனம் சொன்ன எண்கள் 215 குதிரைத்திறன், சுமார் 597 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்கு விசை 1600 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது. அங்கே குதிரைத்திறன் 134தான்.

இந்தக் கணக்கை ஏன் முதலிலேயே போடுகிறோம் என்றால், கியர் பாக்ஸை உடைப்பது குதிரைத்திறன் இல்லை, முறுக்கு விசை. 275 குதிரைத்திறனை 2500 ஆர்பிஎம்மில் எடுத்தால் கியர் பாக்ஸ் தாங்க வேண்டியது 783 நியூட்டன் மீட்டர். அதே 275ஐ 1800 ஆர்பிஎம்மில் எடுத்தால் 1088. விளம்பரத்தில் இரண்டும் ஒரே எண்தான். கிளட்ச்சுக்கு இரண்டும் ஒன்றில்லை.

## உங்களுக்கு எவ்வளவு சக்தி தேவை?

பெரும்பாலானோர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. "இன்னும் கொஞ்சம்" என்பது அளவு ஆகாது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 8 டன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறும் பாதை மாதிரி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றம். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்.

1. ஏற்றத்தை வெல்ல மட்டும் சுமார் 105 கிலோவாட்.
2. டயர் உருளும் தடைக்கு சுமார் 17 கிலோவாட்.
3. பெட்டி வடிவ டிரெய்லரின் காற்றுத் தடைக்கு, தோராயமாக 26 கிலோவாட்.

கூட்டினால் 148 கிலோவாட், அதாவது சக்கரத்தில் ஏறத்தாழ 198 குதிரைத்திறன். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் 15 சதவீதம் போகும் என்று வைத்தால், 215 குதிரைத்திறன் எஞ்சின் சக்கரத்துக்குக் கொடுப்பது 183தான். ஆகவே அந்த ஏற்றத்தில் 80ஐப் பிடிக்காது, கியரைக் குறைத்து 75க்குப் பக்கத்தில் முக்கிக்கொண்டு ஏறும். எஞ்சினில் 275 இருந்தால் அதே பாரத்தோடு 90ஐத் தொடும்.

அதாவது, பாரம் இழுப்பவருக்குத் தேவைப்படுவது இன்னும் 50, 60 குதிரைத்திறன். 500 வேண்டியது பந்தயத்துக்குப் போகிறவருக்கு. அவருடைய பாகப் பட்டியலைப் பார்த்து இவர் வாங்கினால், பணமும் போகும், வண்டி அன்றாட ஓட்டத்துக்கும் உதவாமல் போகும். இங்கிருந்து நாம் பேசுவது 275 முதல் 300 வரையிலான இலக்கை மனதில் வைத்து.

## டீசலில் சக்தி எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்றின் கதவு திறக்கும். பெட்ரோல் அந்தக் காற்றுக்கு ஏற்ற விகிதத்தில் சேரும். அதனால் பெட்ரோல் வண்டிக்காரர் சக்தி வேண்டுமென்றால் காற்று போகும் வழியைப் பெரிதாக்குவார்: ஹெட், கேம், மேனிஃபோல்ட்.

டீசலில் காற்றுக்குக் கதவே கிடையாது. எஞ்சின் இழுக்கிற அளவுக்கு, டர்போ தள்ளுகிற அளவுக்குக் காற்று வந்துகொண்டே இருக்கும். ஆக்சிலேட்டர் மாற்றுவது டீசலின் அளவை மட்டும். ஆகவே பம்பில் டீசலைக் கூட்டினாலே சக்தி கூடும். அந்தச் சின்னத் தகட்டின் மந்திரம் இவ்வளவுதான்.

எதுவரை கூடும் என்பதுதான் விஷயம். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று போதும் என்று வேதியியல் சொல்கிறது. ஆனால் டீசல் சிலிண்டருக்குள் துளித்துளியாகப் பீய்ச்சப்படுவதால் எல்லாத் துளிக்கும் காற்று கிடைப்பதில்லை. இந்த மாதிரிப் பழைய எஞ்சினில் 18, 20 கிலோ காற்றுக்குக் கீழே போனாலே புகை கறுக்கத் தொடங்கும். அடுப்பில் விறகைத் திணித்துவிட்டு ஊதாமல் விட்ட கதை. கறுப்புப் புகை எரியாமல் வெளியே போகும் டீசல். அதைச் சக்தியின் அடையாளமாகக் காட்டுவது வீடியோவுக்கு நல்லது. உண்மையில் அது காசு கொடுத்து வாங்கிய டீசல் சக்கரத்துக்கு வராமல் போனதன் அடையாளம்.

## எஞ்சின் செய்த நிறுவனமே விட்டுவைத்த இடம்

எஞ்சின் இவ்வளவு எளிதாகச் சக்தி தருகிறது என்றால், நிறுவனம் ஏன் தரவில்லை? பழைய விவரப் பட்டியலில் இதற்குப் பதில் இருக்கிறது.

1994, 1995இல் மேனுவல் கியர் வண்டிக்கு 175 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்குக்கு 160. 1996க்குப் பிறகு மேனுவலுக்கு 215, ஆட்டோமேட்டிக்குக்கு 180. பிளாக், கிராங்க் எல்லாம் ஒன்றே. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் தாங்காது என்பதால்தான் அதோடு வந்த எஞ்சினின் டீசலைக் குறைத்தார்கள்.

மறுபக்கம், இதே 5.9 லிட்டர் 12 வால்வு எஞ்சினைப் படகுகளுக்கு 370 குதிரைத்திறன் வரை கம்மின்ஸே விற்றது. ஆனால் அங்கே டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் இருக்கிறது, கிளட்ச் தேயும் தொல்லை இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவு: எஞ்சினில் இடம் இருக்கிறது. இடம் இல்லாதது கியர் பாக்ஸிலும், வெப்பத்தை வெளியேற்றும் வழியிலும். பாகம் விற்பவர்கள் மலிவானதிலிருந்து தொடங்குவார்கள்: தகடு, பிறகு நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனை), பிறகு டர்போ, கடைசியில் கிளட்ச். வாங்குபவர் ஏறக்குறைய அதைத் தலைகீழாகப் போட வேண்டும்.

## பி7100 பம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் ஊர் பம்ப்-நாசில் கடைக்காரர்களுக்கு இந்த வகைப் பம்ப் அத்துப்படி. 6 சிலிண்டருக்கு 6 பிளஞ்சர். ராக் என்ற கம்பி முன்னும் பின்னும் நகர்ந்து ஒவ்வொரு பிளஞ்சரும் தள்ளும் டீசலின் அளவை மாற்றும். அந்த ராக்கை யார் தடுத்து நிறுத்துகிறார்கள் என்பதில்தான் எல்லா வேலையும் இருக்கிறது.

1. ஃபியூவல் பிளேட். தொடக்கத்தில் சொன்ன சின்னத் தகடு இதுதான்; எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பகுதிக்குள் இருக்கும். ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் ராக் அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இதன் விளிம்பின் வடிவம் முடிவு செய்யும். தகட்டை முன்னால் நகர்த்தினாலோ, வேறு வடிவத் தகடு போட்டாலோ எல்லை தள்ளிப் போகும்.

2. ஏஎஃப்சி. டர்போவின் காற்றழுத்தத்தை உணரும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு). காற்று வருவதற்கு முன் டீசல் வழிந்து புகை வராமல் தடுப்பதே இதன் வேலை. இதைத் தளர்த்தினால் கால் வைத்தவுடன் வண்டி துள்ளும். கூடவே புகை, கூடவே குறைந்த ஆர்பிஎம்மில் மிக அதிக முறுக்கு விசை. மேலே பார்த்த 1088 நியூட்டன் மீட்டர் மாதிரி எண்கள் இங்கேதான் பிறக்கின்றன. பாரம் இழுக்கும் வண்டியில் தகட்டைக் கொஞ்சம் தாராளமாகவும் ஏஎஃப்சியைக் கஞ்சத்தனமாகவும் வைப்பதே நல்லது.

3. டைமிங். டீசல் எந்த நேரத்தில் பீய்ச்சப்படுகிறது என்பது. இந்தப் பம்பில் டைமிங் தானாக முன்னே பின்னே போகாது. பொருத்தும்போது எந்தக் கோணத்தில் வைத்தோமோ அதுதான். ஒன்றிரண்டு டிகிரி முன்னால் கொண்டுபோனால் எரிதல் சிலிண்டருக்குள்ளேயே முடிந்து, சைலன்சருக்குப் போகும் வாயுவின் சூடு குறையும். பதிலுக்கு சிலிண்டர் அழுத்தம் ஏறும், ஹெட் கேஸ்கெட்டுக்கு (சிலிண்டர் மூடியின் அடியில் உள்ள அடைப்புத் தகடு) வேலை கூடும், குளிரில் ஸ்டார்ட் ஆவது கஷ்டமாகும். பம்பின் பல்சக்கரம் நழுவாமல் பிடிக்கும் சாவித் துண்டு இல்லாத கூம்பு ஷாஃப்ட்டில் இறுக்கத்தால் மட்டும் நிற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு மாட்டினால் ஓடும்போதே நழுவி டைமிங் கெடும். இரண்டு பரப்பையும் துடைத்து, உலர்ந்த நிலையில், சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் முடுக்க வேண்டும்.

4. கவர்னர் ஸ்பிரிங். சுமார் 2500 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் கவர்னர் டீசலைக் குறைத்துவிடும். ஸ்பிரிங்கை மாற்றி 3000 வரை முழு டீசல் கிடைக்கச் செய்யலாம். குதிரைத்திறன் கூடும், முறுக்கு விசை கூடாது. அதனால் கியர் பாக்ஸுக்கு மிகக் குறைந்த தொல்லை தரும் மாற்றம் இது. ஆனால் பழைய வால்வு ஸ்பிரிங் அந்த வேகத்தில் வால்வைச் சரியாக மூடாது. கடினமான வால்வு ஸ்பிரிங்கையும் சேர்த்தே போட வேண்டும்.

பெரிய இன்ஜெக்டர் நாசில் 300க்கு உள்ளேயான இலக்குக்குத் தேவையே இல்லை. பழைய நாசில் தேய்ந்திருந்தால் அதே அளவில் புதியது போடுங்கள். ஒழுங்காகப் பூவாகப் பீய்ச்சும் நாசில் புகையைக் குறைக்கும்.

## வெப்பம்: எஞ்சினைக் கொல்லும் எண்

முழுப் பாரத்தில் 215 குதிரைத்திறன் எடுக்க இந்த எஞ்சினுக்கு மணிக்கு ஏறத்தாழ 35 கிலோ டீசல் வேண்டும், அதாவது 41 லிட்டர். 275 எடுத்தால் 52 லிட்டரைத் தாண்டும். அந்த டீசலின் சக்தியில் பாதிக்கும் குறைவுதான் சக்கரத்தை நோக்கிப் போகும். மிச்சம் ரேடியேட்டருக்கும் சைலன்சருக்கும்.

டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வாயுவின் வெப்பத்தை அளக்கும் மீட்டர்தான் பைரோமீட்டர். இந்த எஞ்சினை ஓட்டுபவர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை, தொடர்ந்து ஏறும்போது 680 முதல் 700 டிகிரி செல்சியஸ். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகும். பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விப்பதாலும், சூடான வாயு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரமே அதைத் தொடுவதாலும்தான் அது தப்பிக்கிறது. 10 விநாடி 750 போனால் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். பாரத்தோடு 15 நிமிடம் ஏற்றம் ஏறும்போது 750இல் நின்றால் கதை வேறு.

உயரம் இன்னொரு எதிரி. ஐசன்ஹோவர் சுரங்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பம்புக்கு இது தெரியாது. அதே டீசலை அனுப்பிக்கொண்டே இருக்கும். சமவெளியில் 650 காட்டிய வண்டி மேலே 750 காட்டுவது இதனால்தான். மீட்டர் இருந்தால் ஓட்டுநர் காலைத் தூக்குவார், கியரைக் குறைப்பார். இல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? டீசலைக் கூட்டுவதற்கு முன்பே பைரோமீட்டர், டர்போ அழுத்த மீட்டர், ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கியர் எண்ணெய் வெப்ப மீட்டர் ஆகிய மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும். சக்தியைக் கூட்டாத பாகம் என்பதால் இதைத் தள்ளிப் போடுகிறார்கள். என் கணக்கில் முதல் செலவே இதுதான்.

## காற்று: டர்போ எவ்வளவு தாங்கும்?

காற்றை அழுத்தினால் சூடாகும். 30 டிகிரி காற்றை 20 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை அழுத்தினால், டர்போவின் கம்ப்ரசர் 70 சதவீதத் திறனோடு வேலை செய்தாலும் சுமார் 150 டிகிரிக்குப் போகும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை 60க்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் கால் பங்குக்கு மேல் கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். 35 பிஎஸ்ஐ என்றால் வெப்பம் 200ஐத் தாண்டிவிடும். ஆகவே அழுத்த மீட்டரில் முள் ஏறுவது மட்டும் நல்ல செய்தி ஆகாது. டர்போ தன் எல்லையைத் தாண்டிச் சுற்றினால், காற்றைவிட அதிகமாக வெப்பத்தைத்தான் அனுப்பும்.

இந்த வண்டியில் பெரும்பாலும் வரும் ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போ, நம் இலக்கான 300க்கு உள்ளே போதுமானது. புதிய டர்போ வாங்குவதற்கு முன், ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ்கள், அவற்றின் கிளாம்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் கசிவு தெரியும். 25 வருடம் தாண்டிய ரப்பர் ஹோஸ் கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெளியே போகும் பக்கம், டர்போவுக்குப் பின்னால் அகலமான சைலன்சர் குழாய் போடுவது வெப்பத்தைக் குறைக்க உண்மையிலேயே உதவும்.

35, 40 பிஎஸ்ஐ பக்கம் போகிறவர்களுக்கு சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் போல்ட்டுக்குப் பதில் கடினமான ஸ்டட் தேவைப்படும். அந்தப் பக்கம் போகாதவர்கள் அதை மறந்துவிடலாம்.

## கியர் பாக்ஸ்

ஆட்டோமேட்டிக்கில் 1994, 1995க்கு 47ஆர்எச், பிறகு 47ஆர்இ. பலவீனம் டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் பாகம்) லாக்-அப் கிளட்ச், அதாவது எஞ்சினையும் கியரையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச். கூடுதல் முறுக்கு விசை வந்ததும் அது வழுக்கும்; வழுக்கினால் எண்ணெய் சூடாகும்; எண்ணெய் கருகினால் உள்ளே இருக்கும் மற்ற கிளட்ச்சுகளும் போகும். வழுக்குவதை ஓட்டுநர் உணராமலே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடலாம் என்பதுதான் மோசம். 180 குதிரைத்திறன் ஆட்டோமேட்டிக்கை 275க்குக் கொண்டுபோகிறவர் நல்ல லாக்-அப் உள்ள கன்வெர்ட்டர், எண்ணெய் அழுத்தத்தை ஏற்றும் வால்வு பாடி, பெரிய எண்ணெய் கூலர் ஆகியவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். மொத்தச் செலவில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். அந்தப் பணம் இல்லையென்றால் பம்பைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

மேனுவலில் வரும் என்வி4500 கெட்டியான பெட்டி. தெரிந்த ஒரே நோய், ஐந்தாம் கியரைப் பிடித்திருக்கும் நட் தளர்வது. மேல் கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் மிதித்து இழுக்கிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். கிளட்ச் எப்படியும் வழுக்கத் தொடங்கும். அதை எஞ்சின் வேலையின் ஒரு பகுதியாகவே கணக்கில் சேருங்கள்.

## சக்தி போதவில்லையா, வண்டி சரியில்லையா?

இழுவை இல்லை என்று வரும் பழைய வண்டிகளில் பலவற்றுக்குப் பாகம் தேவையில்லை, பழுதுபார்ப்புதான் தேவை. பார்க்க வேண்டியவை:

1. ஓவர்ஃப்ளோ வால்வு. பம்பின் உள்ளே டீசல் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. அதன் ஸ்பிரிங் சோர்ந்தால் பிளஞ்சர்கள் முழுதாக நிரம்பாது, எஞ்சின் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு வாங்கும். சில நிமிட வேலை, விலையும் குறைவு.
2. டீசல் ஏற்றும் லிஃப்ட் பம்ப், டாங்க் பக்கத்து ரப்பர் குழாய்கள். வெடித்த ரப்பர் டீசலைச் சிந்தாமலே காற்றை மட்டும் உள்ளே இழுக்கும்.
3. ஏஎஃப்சி டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா, அதற்குப் போகும் காற்றுக் குழாய் கழன்றிருக்கிறதா.
4. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் வேகமாகப் புகை அடிக்கிறதா. அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். அந்த எஞ்சினில் சக்தி ஏற்றும் பேச்சே வேண்டாம்.
5. கில்லர் டவல் பின். முன்பக்கப் பல்சக்கரப் பெட்டியைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் சின்ன உருக்கு ஊசி. அதிர்வில் மெல்ல வெளியே வந்து பல்சக்கரங்களுக்குள் விழுந்தால் எஞ்சின் முடிந்தது. ஊசி வெளியே வராமல் ஒரு தகட்டை வைத்து மறித்துவிடுவதே வைத்தியம். முன்பக்கத்தைத் திறக்கும் எந்த வேலையிலும் இதையும் சேர்த்துச் செய்துவிட வேண்டும்.

அப்புறம் டயர். ராம் 2500இல் வந்த 245/75 ஆர்16 டயரின் உயரம் சுமார் 30.5 அங்குலம். அழகுக்காக 35 அங்குல டயர் போட்டால், 3.54 விகிதமுள்ள பின் ஆக்ஸில் 3.08 போல நடந்துகொள்ளும். எஞ்சின் அதேதான், சக்கரத்துக்குப் போகும் இழுவையில் 13 சதவீதம் போய்விட்டது. இந்த வண்டிக்கு 4.10 விகித க்ரௌன்-பினியனும் (ஆக்ஸிலின் பல்சக்கர ஜோடி) வந்தது. பெரிய டயரோடு பாரம் இழுக்கிறவருக்கு அதுதான் முதல் "பவர் அப்கிரேட்". எஞ்சினில் கை வைக்கவே வேண்டாம், சூடும் ஏறாது.

## வரிசை

1. மேலே சொன்ன பழுதுகள், வால்வு டேப்பெட் இடைவெளி, டவல் பின்.
2. மூன்று மீட்டர்கள்.
3. டயருக்கும் ஆக்ஸில் விகிதத்துக்கும் உள்ள கணக்கு.
4. கிளட்ச், அல்லது கன்வெர்ட்டரும் வால்வு பாடியும்.
5. பிரேக். 8 டன்னை 90இல் ஏற்றும் வண்டி அதே மலையின் மறுபக்கம் இறங்கவும் வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை மறித்து வேகத்தைக் குறைக்கும் கருவி) போடுவதென்றால் அதற்கும் கடினமான வால்வு ஸ்பிரிங் வேண்டும். கவர்னர் வேலைக்காக வாங்கும் அதே ஸ்பிரிங் இரண்டுக்கும் உதவும்.
6. சைலன்சர் குழாய், காற்று வரும் வழி.
7. கவர்னர் ஸ்பிரிங், சிறிதளவு டைமிங்.
8. கடைசியாக ஃபியூவல் பிளேட். கொஞ்சம் நகர்த்தி, பாரத்தோடு ஏற்றத்தில் ஓட்டி, பைரோமீட்டரைப் பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம்.

எட்டாவதுக்கு ஆகும் செலவு எல்லாவற்றையும்விடக் குறைவு. நாலாவதுக்கு ஆவது அதிகம். எட்டிலிருந்து தொடங்கும் ஆசை வருவதற்கு இதுவே காரணம்.

## சட்டம் என்ன சொல்கிறது?

வண்டி பழசு என்பதால் சட்டம் விட்டுவிடாது. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், மாசுக் கட்டுப்பாட்டோடு தொடர்புள்ள பாகத்தையோ அமைப்பையோ செயலிழக்கச் செய்வதைத் தடை செய்கிறது. அப்படிச் செயலிழக்கச் செய்யும் பாகத்தை விற்பதற்கும் தடை உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு பாகத்தைச் சட்டப்படி போட வேண்டுமென்றால், மாநிலக் காற்று வள வாரியம் அந்தப் பாகத்துக்கு விலக்கு ஆணை எண் கொடுத்திருக்க வேண்டும். அங்கே புகைப் பரிசோதனை 1998 மாடல் முதல் வந்த டீசல் வண்டிகளுக்குத்தான். 1997உம் அதற்கு முந்தையவையும் பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் பரிசோதனை இல்லை என்பது மாற்றம் செய்ய அனுமதி ஆகாது. வேண்டுமென்றே கரும்புகை விடுவதை நியூ ஜெர்சி 2015இலும் கொலராடோ 2017இலும் தனியாகத் தடை செய்தன.

இந்தியாவில் இதைப் படித்துவிட்டுத் தன் வண்டியின் பம்பைப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எஞ்சினையே மாற்றுவதென்றால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். பழுதுபார்ப்பு, அதே அளவு நாசில், சரியான டயர் ஆகியவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை.